நாள்பட்ட வலி: மாத்திரையும் தைலமும் ஒன்றாகச் சேரும்போது கவனிக்க வேண்டியவை

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் மூத்தவர்கள் வாழும் பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மைலோ டின் இருக்கும். திறந்து பார்த்தால் சுகாதார கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரை, பக்கத்து மருந்தகத்தில் வாங்கிய பொன்ஸ்டன் அட்டை, கோடாலித் தைலம், இடுப்பில் ஒட்டும் கோயோக், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், ஊருக்குப் போய் வந்த உறவினர் கொண்டுவந்த லேகியம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சில டின்களில் பெயரோ முத்திரையோ இல்லாத மாத்திரைகளும் இருக்கும். "இதைச் சாப்பிட்டால்தான் முட்டி மடங்குகிறது" என்று அதைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆங்கில மருத்துவத்தையும் பாரம்பரிய மருத்துவத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல, அதில் தவறும் இல்லை. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளே சில இடங்களில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வழங்குகின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிளினிக் டாக்டருக்கு லேகியம் பற்றித் தெரியாது. வைத்தியருக்கு இரத்த அழுத்த மாத்திரை பற்றித் தெரியாது. தைலம் தேய்ப்பவருக்கு நோயாளியின் பாதம் உணர்விழந்து போனது தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான். அவர் சொல்லாமல் இருக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

எது நாள்பட்ட வலி?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் வலியையும் நாள்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. அதாவது, வேறு ஒரு நோயின் அறிகுறியாக மட்டும் இல்லாமல், வலியே ஒரு நோயாக இருக்கக்கூடும் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து.

மலேசியாவில் 2006இல் நடந்த மூன்றாவது தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 7.1 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட வலி இருப்பது தெரிய வந்தது. முதியவர்களிடையே இந்த விகிதம் இதைவிட இரண்டு மடங்காக இருந்தது. உலக அளவில் 2020ஆம் ஆண்டில் இடுப்பு வலியால் மட்டும் ஏறக்குறைய 62 கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருந்தனர்.

காயத்தால் வரும் வலி ஓர் எச்சரிக்கை மணி. காயம் ஆறியதும் மணி நிற்க வேண்டும். நாள்பட்ட வலியில் பல நேரம் காயம் ஆறிய பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நரம்பு மண்டலம் கூர்மையாகி, சாதாரண அசைவையும் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. வலி கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை. வலி உண்மைதான். ஆனால் வலிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள் கொள்ளத் தேவையில்லை.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தால்?

"முதுகுத்தண்டு தேய்ந்துவிட்டது" என்ற ஒரு வரியைக் கேட்டுப் பயந்து நடப்பதையே நிறுத்திக்கொண்டவர்கள் பலர். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து. வலி இல்லாத 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு வட்டில் தேய்மானம் இருந்தது. வலி இல்லாத 80 வயதினரில் அது 96 விழுக்காடு.

தலைமுடி நரைப்பதைப் போல முதுகெலும்பிலும் வயது தெரியும். ஸ்கேன் படத்தையும் உடல் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டரால் வலியின் காரணத்தைச் சொல்ல முடியும். படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெரிய தொகைக்குச் சிகிச்சைத் தொகுப்பை விற்க முயல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

'சாக்கிட்' என்ற ஒரு சொல் போதாது

வலியைச் சொல்லத் தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு என்று நம் பாட்டிமார் இன்றும் பிரித்துச் சொல்வார்கள். கிளினிக்கில் உட்கார்ந்ததும் இவை எல்லாம் 'சாக்கிட்' என்ற ஒரே மலாய்ச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இது பெரிய இழப்பு. ஏனெனில் வலியின் தன்மைதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுளீர் வலி, மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை நரம்பு வலியின் அடையாளங்கள். இவற்றுக்குச் சாதாரண வலி மாத்திரை பெரிதாக வேலை செய்யாது. காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடமாடிய பிறகு தளர்ந்தால் அது முடக்குவாதம் போன்ற அழற்சி நோயாக இருக்கலாம். அதற்குத் தாமதமின்றி நிபுணரைப் பார்க்க வேண்டும். நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் முட்டி வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்.

எனவே டாக்டரைப் பார்க்கச் செல்லும் தமிழர், பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்க உடன் அழைத்துச் செல்லலாம். "வலிக்குதாம்" என்று அவர்கள் சுருக்கிவிடாமல், எப்படி வலிக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரையும் சிறுநீரகமும்

பனடோல் என்று நாம் அழைக்கும் பாராசிட்டமோல், ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் மொத்தம் எட்டு. பல சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமோல் கலந்திருப்பதால், அறியாமலே அளவு கூடிவிடுவது உண்டு. கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும் மதுப்பழக்கம் உள்ளவர்களும் எவ்வளவு எடுக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொன்ஸ்டன், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஆகியவை வேறு வகை. இவை வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் வயிற்றில் புண், இரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு ஆகிய விலைகளும் உண்டு. கிளினிக்கில் கொடுத்த டைக்ளோஃபெனாக்குடன் மருந்தகத்தில் வாங்கிய பொன்ஸ்டனையும் விழுங்குவது, ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுப்பதற்குச் சமம். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் இவற்றையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும்.

இது நம் சமூகத்துக்குக் கூடுதல் கவலை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏற்கெனவே இனிப்புநீரால் களைத்துப்போன சிறுநீரகத்தின் மேல் ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரையையும் ஏற்றினால், முட்டி வலிக்காகத் தொடங்கிய பயணம் டயாலிசிஸ் நாற்காலியில் முடியக்கூடும்.

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளைக் கொடுப்பார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்து என்று யாரோ சொல்லக் கேட்டு, "எனக்கு மனநோய் இல்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நரம்பு வலிக்கு அதைக் குறைந்த அளவில் கொடுப்பது வழக்கமான சிகிச்சை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தூக்கம் வரலாம். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

சிலாயாங்கின் 'மெனாங்'

மாத்திரையாலும் ஊசியாலும் மட்டும் தீராத வலிக்கு இன்னொரு பாதை இருக்கிறது என்பதைக் காட்டியது சிலாயாங் மருத்துவமனை. 2002ஆம் ஆண்டு முதல், வலி நிபுணர் டாக்டர் மேரி சுமா கார்டோசாவின் குழுவினர் 'மெனாங்' என்ற இரண்டு வார வலி மேலாண்மைப் பயிற்சியை நடத்தினர். மலாயில் அச்சொல்லுக்கு 'வெற்றி' என்று பொருள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்துவந்த பயிற்சியைத் தழுவி அது அமைக்கப்பட்டது.

அங்கே டாக்டர், உடலியக்க சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோர் சேர்ந்து நோயாளிகளுக்குக் குழுவாகப் பயிற்சி தருகிறார்கள். வலியை அடியோடு அழிப்பதாக யாரும் வாக்குறுதி கொடுப்பதில்லை. வலி இருந்தாலும் மார்க்கெட்டுக்குப் போக, சமைக்க, கோயிலில் உட்கார, வேலைக்குத் திரும்ப உடலையும் மனத்தையும் பழக்குவதே நோக்கம். 2002 முதல் 2007 வரை பங்கேற்ற 70 பேரின் நிலையை ஆராய்ந்த கட்டுரை 2012இல் வெளியானது. பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்தும் அவர்களின் வலி, இயலாமை, மனச்சுமை ஆகியவற்றில் முன்னேற்றம் நீடித்ததாக அது பதிவு செய்தது.

இத்தகைய பயிற்சிகளில் கற்றுத்தரும் ஒரு பாடத்தை எல்லா வீடுகளிலும் பின்பற்றலாம். வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் கழுவித் துடைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது பலரின் வழக்கம். அதற்குப் பதிலாக நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவாக, இடையிடையே ஓய்வெடுத்துச் செய்து, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டுவதே முறை. பத்து நிமிட நடை என்றால் வலிக்கிற நாளிலும் பத்து நிமிடம், வலிக்காத நாளிலும் பத்து நிமிடம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டியும் முறையான உடற்பயிற்சி, வலி பற்றிய விளக்கம், உளவியல் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. மசாஜுக்கும் ஊசிச் சிகிச்சைக்கும் அதில் இடம் உண்டு. பலர் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை.

அரசாங்கச் சிகிச்சைக்கு முதல் படி அருகிலுள்ள சுகாதார கிளினிக். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுத்தான் வலி நிபுணரிடம் செல்ல முடியும். முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், வலி முற்றும்வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

சட்டத்தின் கீழ் பாரம்பரிய மருத்துவம்

மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் நடப்புக்கு வந்தது. மலாய், சீன, இந்திய பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவமுறை ஆகிய ஏழு துறைகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, யோகா, இயற்கை மருத்துவம் ஆகியவை இந்திய மருத்துவத்தின் கீழ் வருகின்றன. வைத்தியர் அதற்கான மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. பதிவு பெற்றவர் சான்றிதழைக் காட்டத் தயங்கமாட்டார்.

அரசாங்க மருத்துவமனைகளில் இத்தகைய பிரிவு முதன்முதலில் 2007இல் பினாங்கின் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு அருகில் புத்ராஜெயா மருத்துவமனையிலும் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவுகள் உள்ளன. நாள்பட்ட வலிக்கு ஊசிச் சிகிச்சையும் பாரம்பரிய மசாஜும் இத்தகைய பிரிவுகளின் முக்கியச் சேவைகள். செராஸில் சிரோதாரா போன்ற இந்திய முறைகளும் இடம்பெற்றுள்ளன. பாரம்பரிய மருத்துவத்தில் ஒத்துழைக்க இந்தியாவும் மலேசியாவும் 2010இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. இப்பிரிவுகளின் சிறப்பு, டாக்டரின் பரிந்துரையோடு நோயாளி அங்கு செல்வதுதான். இரு பக்கமும் ஒரே கோப்பைப் பார்க்கின்றன. வெளியில் சிகிச்சை பெறுபவர் அந்தக் கோப்பின் வேலையைத் தாமே செய்ய வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸின் கைகள்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் பூக்கடையும் வாழை இலைச் சாப்பாடும் நினைவுக்கு வருவது போல, பார்வையற்றோரின் மசாஜ் நிலையங்களும் நினைவுக்கு வரும். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான் உள்ளது. அதன் கர்னி பயிற்சி நிலையம் 1950களிலிருந்து பார்வையற்றோருக்குத் தொழில் கற்றுத்தருகிறது. மசாஜ் அவற்றுள் முக்கியமான ஒன்று. பயிற்சி பெற்ற கைகள் தசை இறுக்கத்தைத் தளர்த்தி, சில நாள்களுக்கு நல்ல ஆறுதல் தரும். அந்த ஆறுதல் நாள்களை நடைக்கும் உடற்பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொண்டால் பலன் நீடிக்கும். படுத்து ஓய்வெடுக்க மட்டும் பயன்படுத்தினால் வலி மீண்டும் பழைய இடத்துக்கே வரும்.

சித்த மருத்துவத்தில் அகமருந்துகள் 32, புறமருந்துகள் 32 என்று வகுத்திருக்கிறார்கள். ஒற்றடம், பற்று, கட்டு, தொக்கணம் ஆகியவை புறமருந்துகள். தொக்கணம் என்பது தேய்த்தும் பிசைந்தும் அழுத்தியும் செய்யும் மர்த்தன முறை. அதில் மட்டும் ஒன்பது வகைகள். வர்மப் புள்ளிகள் 108. இவை முறையாகக் கற்றவர் செய்ய வேண்டியவை. எலும்பு மெலிந்த மூதாட்டி, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர், கழுத்திலோ முதுகிலோ அறுவைச் சிகிச்சை செய்தவர், புற்றுநோய் கண்டவர் ஆகியோருக்கு அழுத்தமான மர்த்தனமும் கழுத்தைத் திருகும் முறையும் ஆபத்தாகலாம். கை வைக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒற்றடத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இனிப்புநீர் முற்றியவர்களின் பாதத்தில் எரிச்சல் இருக்கும். ஆனால் வெளிச்சூடு உறைக்காது. எரிச்சலுக்கு ஒற்றடம் கொடுக்கப்போய்த் தோல் வெந்து, அது ஆறாத புண்ணாகி, விரலை எடுக்க வேண்டிய நிலை வரை போகலாம். இனிப்புநீர் உள்ளவரின் பாதத்துக்குச் சூட்டு ஒற்றடம், வெந்நீர், சூட்டுப் பை எதுவும் வேண்டாம். உணர்வு நன்றாக உள்ள இடுப்புக்கோ தோளுக்கோ கொடுப்பதாக இருந்தால், வீட்டில் இன்னொருவர் சூட்டைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

பெயர் இல்லாத மாத்திரை

டின்னுக்குள் இருக்கும் பொருள்களிலேயே அதிகம் அஞ்ச வேண்டியது இதுதான். மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பதிவில்லாத 'பாரம்பரிய' பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்துபோவது அந்த ஸ்டீராய்டின் வேலை. மூலிகைக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டையாக ஊதும். தோல் மெலிந்து எளிதில் கன்றும். இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். எலும்பு பலமிழக்கும். உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு நின்றுபோகும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்தச் சரிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே இப்படி ஒன்றைப் பல வாரங்களாகச் சாப்பிட்டு வருபவர் அதைத் தூக்கி எறிவதற்கு முன், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

மலேசியாவில் விற்க அனுமதி பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி 'டி' என்ற எழுத்தில் முடியும் பதிவு எண்ணும், பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற மருந்துகளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமையும் பாதரசம் 0.5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. பயணப் பெட்டியில் வரும் பற்பத்துக்கும் செந்தூரத்துக்கும் இந்தச் சோதனை எதுவும் நடப்பதில்லை. கொண்டுவந்தவர் அன்போடு கொடுத்திருக்கலாம். அன்பு மருந்தைச் சுத்தப்படுத்தாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் தைலத்தையும் மசாஜையும் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

- இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல் அல்லது சிறுநீர் வராமல் போதல்
- தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு மரத்துப்போதல்
- கால் அல்லது கை புதிதாகப் பலமிழத்தல்
- வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு
- படுத்தாலும் குறையாமல் இரவில் கூடும் வலி, குறிப்பாக முன்பு புற்றுநோய் கண்டவர்களுக்கு
- முதியவர் விழுந்த பிறகு தொடங்கிய வலி
- நெஞ்சிலிருந்து தோள், தாடை, கைக்குப் பரவும் வலி. இதை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது

டின்னை எடுத்துச் செல்லுங்கள்

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது செய்ய வேண்டியது எளிது. அந்த மைலோ டின்னை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். சூரணம், லேகியம், மருந்தக மாத்திரை, பெயர் இல்லாதது எல்லாவற்றையும் டாக்டரின் மேசையிலோ மருந்தாளர் முன்னிலையிலோ வையுங்கள். வைத்தியரிடம் போகும்போது கிளினிக் மாத்திரை அட்டைகளையும் நோய் விவரங்களையும் அதேபோல் காட்டுங்கள். எழுத முடிந்தவர்கள் எந்த மருந்து, எந்த நேரம், எதற்காக, எந்த நாளிலிருந்து என்று ஒரு தாளில் குறித்துவைத்தால் இன்னும் நல்லது.

"டாக்டர் திட்டுவார்" என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். திட்டு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிறுநீரகம் போனால் திரும்பி வராது. பெற்றோருக்கு அந்தத் தயக்கம் இருந்தால், பிள்ளைகள் உடன் சென்று அவர்கள் சார்பில் டின்னைத் திறந்து காட்டலாம்.